நாற்பது டிரம்மும் சூடாமணியும்

சூடாமணியை நான் முதன்முதலில் பார்த்தபோது அவள் தலை என் டிரம்முக்குள் இருந்தது.

சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன் அரிந்து கொடுக்கிற வேலையை முடித்துவிட்டு, அரிவாள்மனையைக் கோணியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, மூன்று மணி வெயிலில் கோட்டூர்புரம் ஆற்றோரத்துக்குத் திரும்பி வருகிறேன். என் குடிசை வாசலில், லாரித் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிற நீல டிரம்மின் மூடி கீழே கிடக்கிறது. பச்சைத் தாவணி போட்ட ஒரு பெண் இடுப்பு வரை குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில், துப்பட்டாவால் தலையை மூடிய இன்னொருத்தி நோட்டும் பேனாவுமாக நிற்கிறாள்.

"யாருடி அது? தண்ணில இன்னாத்த கலக்கிக்கினு கீற?"

தாவணிக்காரி தலையை எடுத்தாள். மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டியது.

"கலக்கலை மாமி. எண்ணிண்டிருக்கேன்."

"எத்த எண்ற?"

"புழுவை."

கோணியை அவிழ்க்கிற கோபம் வந்தது எனக்கு. என் தண்ணீரில் புழு இருக்கிறது என்று என் வாசலிலேயே நின்று ஒருத்தி சொன்னால் யார் பொறுப்பாள்? அதுவும் எதிர் வரிசை சகினா கேட்டுக்கொண்டு நிற்கும்போது.

"ஆயா, கோச்சுக்காதீங்க. நாங்க காலேஜ்ல இருந்து வர்றோம்," என்றாள் துப்பட்டாக்காரி.

"ஆயாவும் வோணாம், மாமியும் வோணாம். எம் பேரு கன்னியம்மா. எனக்கு பேரனும் கெடையாது, பேத்தியும் கெடையாது."

"பெரியவாளைப் பேர் சொல்லிக் கூப்பிடப்படாது மாமி," என்றாள் தாவணிக்காரி. கடைசி வரைக்கும் அப்படியே கூப்பிட்டாள். மீன் நாற்றத்தோடு ஒரு மாமி அந்த ஆற்றோரத்தில் இருந்தாள் என்றால் அது நான் ஒருத்திதான்.

அவளைப் பற்றி நான் சொல்வதெல்லாம் தொண்ணூற்று நாலாம் வருஷம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை பார்த்தது. மூன்று மாசத்தில் ஒரு ஆளைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். வாரத்துக்கு இரண்டு நாள் நம் டிரம்முக்குள் தலையை விடுகிறவளைப் பற்றி நிறையவே தெரியும்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் அவள் வீடு. அப்பா சுவாமிநாதன் ஏதோ ஆபீசில் கணக்கர். துப்பட்டாக்காரி அஃப்சருன்னிசா ராயப்பேட்டைத் தையல்கடைக்காரர் மகள். இரண்டு பேரும் மயிலாப்பூரில் ஒரு சின்னப் பெண்கள் காலேஜில் மூன்றாம் வருஷம். பூச்சி, தவளை, மீன் என்று உயிருள்ளதை எல்லாம் படிக்கிற படிப்பு. மொத்தம் பதினோரு பேர்தான் அந்த வகுப்பில். காலேஜில் இருந்தது இரண்டு பூதக்கண்ணாடி மிஷின், அதில் ஒன்று ரிப்பேர். ஆனால் அங்கே ஜானகி மேடம் என்று ஒருத்தி இருந்தாள். புத்தகத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்தால் கிழித்துப் போடுவாளாம். பிள்ளைகள் தாங்களே வெளியே போய், தாங்களே ஒன்றைக் கண்டுபிடித்து வர வேண்டும் என்பது அவள் சட்டம்.

இவர்கள் எடுத்துக்கொண்டது கொசு. நொச்சி இலையைக் கொதிக்க வைத்து வடிகட்டி, அந்தச் சாற்றைப் புழங்குகிற தண்ணீரில் விட்டால் கொசுப்புழு சாகுமா என்று பார்ப்பது. எங்கள் சந்தில் நாற்பது வீடு. ரோட்டுப் பக்கம் இருபது, ஆற்றுப் பக்கம் இருபது. முதல் இரண்டு வாரம் சும்மா எண்ணினார்கள். அப்புறம் ரோட்டுப் பக்கத்து இருபது வீட்டுக்கும் ஆளுக்கொரு பாட்டில் கொடுத்து, ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஒரு மூடி விடச் சொன்னார்கள். ஆற்றுப் பக்கத்துக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அங்கே எண்ணி எழுதிக்கொண்டு மட்டும் போனார்கள்.

எண்ணுகிறதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டிரம்முக்கு மேலே நம் நிழல் விழுந்தால் போதும், புழுவெல்லாம் நெளிந்து அடியில் போய்விடுமாம். அதனால் சூடாமணி எப்போதும் வெயில் முகத்தில் அடிக்கிற பக்கமாகத்தான் நிற்பாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கரண்டியைப் பக்கவாட்டில் மெதுவாக இறக்கி மொண்டு, வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றுவாள். உதடு மட்டும் அசையும். "முப்பத்தொண்ணு," என்பாள். அஃப்சர் எழுதுவாள். மூன்று மணிக்கு ஆரம்பித்தால் நாற்பதாவது வீடு முடிய வெயில் சாய்ந்துவிடும். ஒரு பக்கத்துக் கன்னமும் காதும் கறுத்துப்போயிற்று அவளுக்கு.

"வூட்ல கேக்க மாட்டாங்க, இன்னாத்துக்கு இப்டி கறுத்துப் பூட்டேன்னு?"

"கேட்டா. லேப்ல ஜன்னல் பக்கம் உக்காந்துக்கறேன்னு சொன்னேன்."

"பொய்யி."

"இங்கே வரேன்னு சொன்னா விட மாட்டா மாமி. ஆத்துக்குப் போன உடனே நேரா கிணத்தடிக்குப் போய்க் குளிச்சுட்டுத்தான் உள்ள போறேன். அம்மாவுக்கு நான் திடீர்னு மடியாயிட்டேன்னு சந்தோஷம்."

அஃப்சர் சிரித்தாள். "அது மட்டுமா ஆயா? நொச்சி வடிகட்ட அவங்க அப்பா வேட்டிய எடுத்துட்டு வந்துட்டா. அவரு கொடியில காணோம்னு பக்கத்து வீட்டுக்காரங்களோட பேச்சே விட்டுட்டாராம்."

இப்படித்தான் ஒவ்வொன்றாக எனக்குத் தெரிந்தது. பெரிய விஷயமும் அப்படியே ஒரு நாள் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போது வந்தது. பாம்பேயில் ஒரு பையன். ஜாதகம் பொருந்திவிட்டது. டிகிரி முடிந்ததும் ஜூனில் கல்யாணம் வைக்கலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். இவளுக்கு எம்.எஸ்ஸி. படிக்க ஆசை. அந்தப் பையனைப் பிடிக்கவில்லை என்று இல்லை. இன்னும் எண்ணி முடிக்கவில்லை என்றாள். மார்ச் இருபத்தாறாம் தேதி கிண்டியில் ஒரு பெரிய காலேஜில், பல காலேஜ் பிள்ளைகள் தாங்கள் கண்டுபிடித்ததை எல்லார் முன்னாலும் படிக்கிற கூட்டம் இருந்தது. இவர்கள் காலேஜிலிருந்து ஒரு ஜோடியைத்தான் அனுப்புவார்கள்.

"என்னை அனுப்பினா, மேடமே ஆத்துக்கு வந்து அப்பாவைக் கூட்டிண்டு போறேன்னு சொல்லியிருக்கா. நான் பேசறதை அவர் கேட்டா ஒத்துப்பார்னு மேடத்துக்கு நம்பிக்கை."

"உன்ன அனுப்பலைன்னா?"

"ஜூன்," என்றாள். அவ்வளவுதான். தட்டைத் துடைத்துப் பையில் வைத்தாள்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன்.

பாட்டில் கொடுத்த அன்றைக்கே சாயந்திரம் சகினா வந்தாள். அவள் புருஷன் ஹனீஃபா சைக்கிள் ரிக்ஷா ஓட்டுகிறவர். வாசலிலேயே குந்திக்கொண்டாள்.

"அக்கா, உங்க வரிசைக்கு மருந்து. எங்க வரிசைக்கு நோட்டு. இன்னா அர்த்தம் இதுக்கு?"

"இன்னா அர்த்தம்?"

"போன வருசம் ஒருத்தன் வந்து ஆத்துப் பக்கம் மட்டும் வூட்ட எண்ணிக்கினு பூட்டான். ஆத்தோரம் இருக்கறவங்கள ஊருக்கு வெளிய எங்கியோ கொண்டும்போய்ப் போடப் போறானுங்கன்னு பேச்சு. இப்ப இவுங்க வந்து சகினா வூட்ல இருவத்தெட்டு புயுன்னு எய்திக்கினு போறாங்க. அசிங்கமா கீறாங்க, நோய் வருது, தூக்குன்னு சொல்றதுக்கு இது போதாதா?"

"சே. அதுங்க பச்சப் புள்ளிங்க."

"நோட்டு பச்சப் புள்ளயா?"

அந்த நோட்டு யார் கைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? நானும் அவளும் பதினெட்டு வருஷம் எதிரும் புதிருமாக இருக்கிறோம். என் புருஷன் செத்த அன்றைக்கு என் வீட்டு அடுப்பை மூட்டினவள் அவள். என் டிரம்மில் மருந்து, அவள் டிரம்மில் புழு என்று வைத்துக்கொண்டு நான் சோறு தின்ன முடியுமா? காலி எண்ணெய் பாட்டிலை எடுத்துப் பாதியை ஊற்றிக் கொடுத்தேன். மறுநாள் பார்த்தால் எங்கள் வரிசை முழுக்க அதையே செய்திருந்தது. எதிர் வீட்டுக்கு எதிர் வீடு, பாதிக்குப் பாதி. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. அது போதாதென்று, ஆள் வந்து பார்க்கிற வீடாயிற்றே என்று திங்கட்கிழமை தோறும் நாற்பது வீட்டிலும் டிரம்மைக் கவிழ்த்துத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தார்கள்.

பிப்ரவரி பாதியில் என் டிரம்மில் நாலு. சகினா டிரம்மில் ஐந்து.

முதலில் சூடாமணி சந்தோஷப்பட்டாள். அப்புறம் பேச்சுக் குறைந்தது. ஒரே டிரம்மை மூன்று தடவை எண்ணினாள். எங்கள் வரிசையில் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்; மருந்தே கொடுக்காத வரிசையிலும் அதே அளவு குறைந்தால் என்ன அர்த்தம்?

மார்ச் முதல் தேதி செவ்வாய்க்கிழமை. தரையில் உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துக்கொண்டாள்.

"மாமி, ரெண்டு வரிசையும் ஒரே மாதிரி இறங்கறது. மேடம் நோட்டைப் பாத்துட்டு, எண்ணாமலே ரூம்ல உக்காந்து எழுதிட்டீங்களான்னு கேட்டா."

"நீ இன்னா சொன்னே?"

"எண்ணினோம்னு சொன்னேன். என் மூஞ்சியைப் பாருங்கோ, வெயில்ல கறுத்திருக்குன்னு சொன்னேன். மூஞ்சியை நோட்டுல ஒட்ட முடியாதுன்னா."

எதிரே சகினா குடத்தோடு நின்று என்னையே பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. வாய் நீளம் என்று மார்க்கெட்டே பேசுகிற பொம்பளை, அன்றைக்குப் பார்த்து ஊமையாக இருந்தேன். சொன்னால் ஆற்றுப் பக்கத்து வீடுகளுக்கு என்ன ஆகுமோ என்று பயம். சொல்லாவிட்டால் இவளுக்கு என்ன ஆகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தாள். வேறு ஜோடியை அனுப்பப் போவதாக மேடம் சொல்லிவிட்டாளாம். அழவில்லை. அழுதிருந்தால் நான் இரண்டு திட்டு திட்டி அனுப்பியிருப்பேன். எப்போதும் போல வெயிலைப் பார்த்து நின்று, மூச்சைப் பிடித்து, கரண்டியை இறக்கினாள். அனுப்ப மாட்டார்கள் என்று தெரிந்த பிறகும் நிழல் விழாமல் நிற்கிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஏ பொண்ணு. நிறுத்து. நான் மருந்தப் பங்கு போட்டுட்டேன்."

கரண்டி அப்படியே நின்றது. "என்னது?"

"சகினாக்குப் பாதி குட்த்தேன். எங்க வரிச மொத்தமும் அந்த வரிசைக்குக் குட்த்துச்சு. திங்கக்கெயம டிரம்ம வேற தேச்சுக் கவுத்துடறோம். நீ எண்றது புயு இல்ல. நாங்க தேய்க்காம வுட்ட மிச்சம்."

"நாப்பது ஆத்துலயுமா?"

"நாப்பதுலயும்."

அஃப்சர் பேனாவை மூடினாள். "நான் அப்பவே சொன்னேன்டி," என்றாள் மெல்ல.

"ஏன் மாமி இப்படிப் பண்ணினேள்?"

சகினா சொன்னதைச் சொன்னேன்.

"நாங்க அவாளை விரட்டறதுக்கா வந்தோம்?"

"நீ எதுக்கு வந்தேன்னு யார் கைல சொன்னே? பாட்டில குட்த்தே, ஒரு மூடி ஊத்துன்னே. அந்தப் பக்கம் ஏன் இல்லன்னு ஒரு வார்த்த சொன்னியா?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. கோபம் பாதி, மீதி என்னவென்று எனக்குத் தெரியாது. பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். தட்டு என் வாசலிலேயே கிடந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை யாரும் வரவில்லை. நாற்பது வீட்டிலும் தேய்த்துக் கவிழ்த்த டிரம்மை வைத்துக்கொண்டு பொம்பளைகள் வழி பார்த்தார்கள். புதன்கிழமை மார்க்கெட்டிலிருந்து அப்படியே, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சகினாவையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

காலேஜ் கேட்டில் பஞ்சாட்சரம் என்று ஒரு வாட்ச்மேன், நெற்றி நிறைய விபூதி. "மீன்காரம்மா, இங்க கேன்டீன் சைவம்," என்றார்.

"மீன் விக்க வர்ல நைனா. புயு விசயமா வந்துகீறேன். ஜானகி மேடத்தக் கூப்டு."

என்ன நினைத்தாரோ, விட்டுவிட்டார்.

ஜானகி மேடம் குள்ளமாக, காட்டன் புடவையில், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டிருந்தாள். சூடாமணியும் அஃப்சரும் அந்த அறையின் மூலையில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார்கள். சூடாமணி நிமிரவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், மேடம் ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டாள்.

"பாதி பாட்டில்னா, அளந்து ஊத்துனீங்களா, கண்ணால பாத்தா?"

"கண்ணாலதான். ஆனா எங் கண்ணு தராசு மேடம். கிலோ மீன கைல தூக்கியே சொல்லிடுவேன்."

"எந்தத் தேதியிலேருந்து?"

"குட்த்த அன்னிக்கே."

"டிரம் தேய்க்கறது?"

"அடுத்த திங்கள்ல இருந்து. ஆளு வரும்போது அயுக்கா வெச்சிருப்பமா?"

எழுதி முடித்துக் கண்ணாடியைக் கழற்றினாள். "முப்பது வருஷமா பாடம் நடத்தறேன். தப்பு பண்ணிட்டேன்னு தானா வந்து சொன்ன ஆளு நீங்க ஒருத்தர்தாம்மா." அப்புறம் மூலையைப் பார்த்தாள். "சூடாமணி, நீ எண்ணாம எழுதினேன்னு சொன்னது என் தப்பு. நீ எண்ணியிருக்கே. ஆனா இது எப்படி ஆச்சு?"

சூடாமணி கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"எல்லாருக்கும் சொல்லிட்டு ஆரம்பிக்கலாம்னு அஃப்சர் அப்பவே சொன்னா மேடம். நான்தான், சொன்னா அவாளுக்குப் புரியாதுன்னேன்."

என் எதிரிலேயே சொன்னாள். எனக்கு உறைத்தது. எழுத்துத் தெரியாதுதான், அதற்காக ஒன்றுமே தெரியாது என்று ஆகிவிடுமா? ஆனால் பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம் அல்லவா அவள்? மேடமும் நானும் நிற்கிறோம், வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இந்தா ஒன் தட்டு," என்றேன். "புரியுதா இல்லியான்னு வந்து சொல்லிப் பாரு. வெள்ளிக்கெயம எல்லாரையும் ஒக்கார வெக்கறேன்."

மேடம் காலண்டரைப் பார்த்தாள். "பதினேழு நாள் இருக்கு. வேற ஜோடியோட பேரை நான் இன்னும் அனுப்பல," என்றாள்.

வெள்ளிக்கிழமை சந்தில் கூட்டம். சூடாமணி கவிழ்த்து வைத்த டிரம் மேல் ஏறி நின்றாள். மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமானால், மருந்து விட்ட தண்ணீரும் விடாத தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும் என்று சொன்னாள். விடாத வீட்டில் புழு இருந்தால்தான் விட்ட வீட்டில் அது செத்ததா என்று தெரியும் என்றாள்.

"அதனால எனக்குப் புழு வேணும். பன்னண்டு நாள் யாரும் டிரம்மைத் தேய்க்கப்படாது. பங்கும் போடப்படாது."

ஆட்டோ ஓட்டுகிற நல்லசிவம் கையைத் தூக்கினான். "அப்ப கொசு கடிக்கும்ல? ஒங்க படிப்புக்கு நாப்பது வூட்டு ரத்தமா பாப்பா?"

"கடிக்கும்," என்றாள். "நன்னா கடிக்கும். கேட்டுட்டுத்தான் பண்ணணும்னு இப்பதான் தெரிஞ்சுது. அதான் கேக்கறேன்."

எல்லாரும் சகினாவைப் பார்த்தார்கள். சகினா எழுந்தாள். "அந்த நோட்டுல எங்க பேரு கீதே?"

அஃப்சர் நோட்டைப் பிரித்து, பேர் எழுதியிருந்த முதல் தாளைக் காட்டினாள். சூடாமணி அதைக் கிழித்து, டிரம்மிலிருந்து இறங்கி வந்து, சகினா கையில் கொடுத்தாள். "இனிமே நம்பர்தான். எது யார் ஆத்து நம்பர்னு நோட்டுல இருக்காது. உங்க டிரம் மேலதான் இருக்கும். முடிஞ்சதும் நீங்களே அழிச்சுடுங்கோ." சகினா அந்தத் தாளைக் கொண்டுபோய் அடுப்பில் போட்டு அதிலேயே டீ வைத்தாள். அந்த டீயைச் சூடாமணியும் குடித்தாள். வேறு யாரும் அதைக் கவனித்தார்களா என்று தெரியாது, நான் கவனித்தேன்.

இந்தத் தடவை வரிசை பார்த்துப் பிரிக்கவில்லை. என் மீன் கூடையில் இருபது புளியங்கொட்டை, இருபது கூழாங்கல் போட்டுத் துணியால் மூடி, வீட்டுக்கு ஒருத்தர் கையை விட்டு எடுத்தோம். கொட்டை வந்தால் மருந்து. சகினாவுக்குக் கொட்டை வந்தது. எனக்குக் கல்.

அந்தப் பன்னிரண்டு நாளும் நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது. என் வாசலில், என் டிரம்மில், கறுப்புக் கறுப்பாக நெளிகிறது. கை அரிக்கிறது எனக்கு, தேங்காய் நாரைத் தேடுகிறது. ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து நாத்தனார் வந்தாள். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாண்ணி, வூட்ட இப்டியா வெச்சிக்கினு கீற?"

"அது காலேஜ் புயு. கை வெக்காத."

இரண்டு பெண்களும் இப்போது தினமும் வந்தார்கள். கல் வந்த வீடுகளில் கொசு பிடுங்கி எடுத்தது. நல்லசிவம் தினமும் முழங்கையைக் காட்டி, "இதையும் எண்ணிக்கோ பாப்பா," என்பான். அவள் நிஜமாகவே எண்ணுவாள். சந்தில் ஒருத்தரும் தேய்க்கவில்லை, ஒருத்தரும் பங்கு போடவில்லை. சகினா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு என் டிரம்மைப் பார்த்துப் பார்த்துத் திரும்பிப் போனாள்.

கடைசி நாள் எண்ணி முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மருந்து விட்ட டிரம்ல ரெண்டு நாள்ல பாதியாறது மாமி. அஞ்சாம் நாள் பழையபடி வந்துடறது. வாரத்துக்கு ஒரு தடவை விட்டாப் பிரயோஜனமே இல்லை."

"அப்ப தோத்துட்டியா?"

"இல்லை. தெரிஞ்சுது," என்றாள். "நான் வந்து சொல்ற வரைக்கும் டிரம்மை அப்படியே வச்சுக்கோங்கோ. மேடம் கேள்வி கேட்டா திரும்ப எண்ண வேண்டியிருக்கும்."

சனிக்கிழமை கிண்டிக் கூட்டம். அன்றைக்கு முழுக்க மார்க்கெட்டில் என் கை மீனில் இல்லை. ஒரு வஞ்சிரத்தைக் கோணலாக அரிந்து திட்டு வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. வாசலில் குந்தி எனக்காக நாலு சங்கரா மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். சந்துக்குள் ஒரு மனுஷர் வருகிறார். வெள்ளை வேட்டி, தடித்த கண்ணாடி, கையில் மடக்கின குடை. பின்னால் சூடாமணி, தலையைக் குனிந்துகொண்டு. மீனை மூடக்கூடத் தோன்றவில்லை.

"கன்னியம்மாங்கறது நீங்கதானே?" என்றார். மீனைப் பார்த்தார், ஆனால் நகரவில்லை. "நான் இவ அப்பா."

"தெரியுதுங்க. ஒங்க வேட்டி எங்க புள்ளிங்களுக்கு நல்லா ஒயச்சுது."

சூடாமணி கண்ணை மூடிக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை, ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. "நேத்திக்குத்தான் அது எங்கே போச்சுன்னு தெரிஞ்சுது. எல்லார் முன்னாடியும் சொன்னா, எட்டு முழ வேட்டியில வடிகட்டினோம்னு."

"பரிசு குட்த்தாங்களா?"

"இல்லை. மருந்து நிக்கலைன்னு சொல்றவாளுக்கு யார் பரிசு தருவா? ஒரு பெரிய மனுஷன் எழுந்து கேட்டார், இந்தத் தடவை ஜனங்க பங்கு போட்டுக்கலைன்னு உனக்கு எப்படித் தெரியும்னு. இவ, 'கேட்டேன் சார், போன தடவை கேக்கலை'ன்னா. ஹாலே சிரிச்சுது. இவ சிரிக்கலை." கொஞ்ச நேரம் குடையின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். "மூணு மாசம் இங்க வந்துண்டிருந்திருக்கா. எனக்குத் தெரியலை. அந்தப் புழுவை நான் பாக்கணும்."

எழுந்து மூடியைக் கழற்றினேன். அவர் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார்.

"ஒண்ணும் இல்லையே. தண்ணிதான் இருக்கு."

"அப்பா, நிழல் விழறது," என்றாள் சூடாமணி. "அடியில போயிடும். இந்தப் பக்கம் வாங்கோ. வெயிலைப் பாத்து நில்லுங்கோ."

அவர் நகர்ந்தார். அவள் சொன்ன இடத்தில், சொன்ன மாதிரி, முகத்தில் வெயில் அடிக்க நின்றார். அவள் கரண்டியை இறக்கவில்லை. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக மேலே வந்திருக்க வேண்டும். அவர் உதடு அசைய ஆரம்பித்தது.

"பதினாலு, பதினஞ்சு..." டிரம்முக்குள்ளிருந்து அவர் குரல் கிணற்றிலிருந்து வருகிற மாதிரி வந்தது. "சூடா, எம்.எஸ்ஸி. எத்தனை வருஷம்?"

"ரெண்டு, அப்பா."

"பாம்பேக்கு எழுதிடறேன். காத்துண்டிருக்கறதானா இருக்கட்டும். பதினாறு... நீ பேச்சுக் கொடுக்காதே, விட்டுப்போறது."

அவள் பேச்சே கொடுக்கவில்லை. தாவணி நுனியை வாயில் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வெயிலில் கறுத்த கன்னத்தில் கண்ணீர் ஓடியது. மூன்று மாசத்தில் நான் பார்த்த ஒரே தடவை.

எதிர் வாசலில் சகினா தேங்காய் நாரை எடுத்து வைத்துக்கொண்டு எனக்குச் சாடை காட்டினாள்.

"பொண்ணு," என்றேன், "இப்பவாச்சும் இந்தக் கண்றாவியக் கயுவலாமா?"

"இருங்கோ மாமி," என்றாள். "அப்பா எண்ணி முடிக்கட்டும்."